பதினான்காவது திருத்தம்

வெந்நீருக்கு நன்றி ஐயா. குளிர்ந்த தண்ணீர் எனக்கு ஆகாது. ஒரு மடக்கு உள்ளே போனால் மறுநாள் வரை குரல் கரகரக்கும். பாடகர்கள் தொண்டையைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வார்கள் என்று கேள்வி. நான் பாடகன் இல்லை, வேனில் மைக் பிடிக்கிறவன். ஆனால் பந்தா மட்டும் பாடகனைவிட ஒரு படி மேலே என்று என் மனைவி சொல்வாள்.

வாக்குமூலத்தில் தொழில் என்ற இடத்தில் சுற்றுலா வழிகாட்டி என்று போட்டுக்கொள்ளுங்கள். ஒருநாள் பயணம். காலை ஏழு மணிக்குப் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள பேக்கரி வாசலில் கிளம்புவோம். கணவாய் ஏறி, மரக்காட்டைச் சுற்றி, இரட்டைச் சிகரத்தைக் காட்டி, மேல் ஏரிக்கரையில் மதியச் சாப்பாடு கொடுத்து, ஐந்தரைக்கு அதே பேக்கரி வாசலில் இறக்கிவிடுவோம். எட்டுப் பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. ‘சிறு குழு, தனிக் கவனம்’ என்று வேனின் பக்கவாட்டில் எழுதியிருக்கும். அந்தத் தனிக் கவனம் நான்தான்.

வேன் ஓட்டியது என் மனைவியின் தம்பி. பதினொரு வருடம் நான் பேச, அவன் ஓட்டினான். என் பேச்சு முழுவதும் மனப்பாடம். ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. மூன்றாவது வளைவில் ஒரு நகைச்சுவை வரும். அது முடிகிற நேரத்தில் மச்சினன் லேசாகப் பிரேக்கைத் தொடுவான். எல்லாரும் முன்னால் சாய்ந்து சிரிப்பார்கள். பாதிச் சிரிப்பு பிரேக்குக்குத்தான் என்று எனக்கும் தெரியும். நான் இருமினால் அடுத்த வாக்கியத்தை அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே எடுத்துக்கொடுப்பான். நாடகத்தில் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பவர் மாதிரி.

வீட்டில் இந்த மரியாதை கிடையாது. சாப்பிடும்போது நான் வாயைத் திறந்தால் மனைவி, "இங்க எட்டு பேர் இல்லைங்க, நான் ஒருத்திதான். மெதுவாவே பேசலாம்" என்பாள். ஆக, நான் மனிதனாக மதிக்கப்பட்டது அந்த வேனில், அந்தப் பத்தரை மணி நேரத்தில்தான். இதை நீங்கள் நோக்கம் என்ற இடத்தில் எழுத வேண்டியிருக்கும். பிறகு சொல்கிறேன்.

நான் சொன்ன தகவல்கள் சரியா என்று கேட்டால், எல்லாமே சரிக்குப் பக்கத்தில் இருந்தன. கணவாயின் உயரத்தைப் பழைய துண்டுப் பிரசுரம் ஒன்றில் பார்த்து, வாயில் நன்றாக உருளட்டும் என்று கொஞ்சம் கூட்டிவைத்திருந்தேன். மரக்காட்டின் வயதையும் அப்படித்தான். மேல் ஏரி மட்டும் தனிக் கதை. நான் வேலைக்கு வந்த முதல் மாதத்தில் ஒரு குழந்தை, "இது எவ்வளவு ஆழம்?" என்று கேட்டது. எனக்குத் தெரியவில்லை. "இந்த ஏரியோட ஆழத்த இதுவரைக்கும் யாரும் அளந்ததில்லை" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். வேனே மூச்சை இழுத்தது. என் அறியாமைக்கு அவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அதற்குப் பிறகு நான் எதையும் தெரிந்துகொள்ள முயலவில்லை.

நீங்கள் கேட்கிற அந்த நாளுக்கு வருகிறேன். இரண்டு வருடம் ஆகிறது. எட்டுப் பேர். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று. ஓய்வுபெற்ற நர்சுகள், அக்கா தங்கை, இரண்டு பேர். அப்பா, அம்மா, பதினைந்து வயது மகள். எட்டாவதாக, எனக்கு நேர் பின் இருக்கையில், தனியாக வந்த பெரியவர். ஓய்வுபெற்ற நில அளவையாளர். கையில் உயரம் காட்டும் கடிகாரம், மடியில் நீல அட்டை போட்ட சின்ன நோட்டு.

கணவாயில் நான் இரண்டாயிரத்து நானூறு மீட்டர் என்றேன். அவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இரண்டாயிரத்து இருநூத்தி எண்பத்தாறு தம்பி" என்றார். ஒரே மூச்சில் என் மலையிலிருந்து நூற்றுப் பதினான்கு மீட்டரை வெட்டி எடுத்துவிட்டார். நான் சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். பெரியவர் நோட்டில் ஏதோ எழுதினார்.

மரக்காட்டில் ஐந்நூறு வருடம் என்றேன். "இது நட்ட தோப்பு. எண்பது வருசம்கூட இருக்காது. வரிசையா நிக்குது பாருங்க" என்றார். எல்லாரும் பார்த்தார்கள். வரிசையாகத்தான் நின்றன. பதினொரு வருடமாக அந்த வரிசையை நான் கவனித்ததே இல்லை.

இரட்டைச் சிகரத்துக்கு அக்கா மலை, தங்கை மலை என்று ஒரு கதை வைத்திருந்தேன். சொத்துச் சண்டையில் பேச்சை நிறுத்திக்கொண்ட சகோதரிகள் அப்படியே கல்லாகிவிட்டார்கள் என்று போகும். நர்சுகள் இருவரும் வெட்கத்தோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள், நல்ல கட்டம். "அந்தப் பேரு பழைய காலத்துல இல்லையே. சர்வே வரைபடத்துல நம்பர் பதினாறு, பதினேழுன்னுதான் இருந்துச்சு" என்றார் பெரியவர். நர்சு அக்கா, தங்கையைப் பார்த்து, "அப்ப நீ பதினேழுடி" என்றாள். அதற்கு எழுந்த சிரிப்பு எனக்கு எழுந்ததே இல்லை. மச்சினன்கூடச் சிரித்தான். கண்ணாடியில் அவன் தோள் குலுங்குவதைப் பார்த்தேன்.

அதன் பிறகு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. நான் ஒன்று சொல்வேன். ஏழு முகங்களும் என்னைக் கடந்து பெரியவரிடம் போகும். அவர் தலையசைத்தால் நம்புவார்கள். பதினைந்து வயதுப் பெண் கேள்வியையே நேராக அவரிடம் கேட்க ஆரம்பித்தாள். கடைசியில் புது மாப்பிள்ளை, "சார், மைக்க அவர்கிட்ட குடுங்களேன், பின்னாடி கேக்கல" என்றார்.

கொடுத்தேன். பதினொரு வருடத்தில் என்னைத் தவிர அந்த மைக்கைத் தொட்டது மச்சினன் மட்டும்தான், அதுவும் தூசு துடைக்க. பெரியவர் கால் மணி நேரம் பேசினார். பாறை அடுக்கு, நீர் வடியும் சரிவு, சங்கிலி இழுத்து அளந்த விதம். ஒரு நகைச்சுவை இல்லை, ஓர் ஏற்ற இறக்கம் இல்லை. கேட்டால் தூக்கம் வர வேண்டும். யாருக்கும் வரவில்லை. அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

தேநீருக்கு நிறுத்திய இடத்தில் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "குரல் நல்லா இருக்கு தம்பி. விஷயமும் சரியா இருந்துட்டா உங்கள யாரும் அசைக்க முடியாது" என்றார். பிறகு நோட்டைத் தட்டிக்காட்டி, "எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கேன். சாயங்காலம் சேர வேண்டிய எடத்துல சேத்துடறேன்" என்றார்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. எழுத்தில் இரண்டு புகார் வந்தால் வழிகாட்டியை இறக்கிக் கவுண்டரில் உட்கார வைத்துவிடுவார்கள். கண்ணாடித் தடுப்பில் கையளவு துளை. அதன் வழியே டிக்கெட்டை நீட்ட வேண்டும். பேச வேண்டியது ‘எத்தனை பேர்’ என்ற இரண்டு சொல் மட்டும். என் மேல் ஏற்கெனவே ஒரு புகார் இருந்தது. அதிகமாகப் பேசுகிறார் என்று. இரண்டாவது அந்த நீல நோட்டில் இருக்கிறது என்று முடிவுகட்டினேன். டீக்கடை ஜன்னலில்கூட அந்தத் துளைதான் தெரிந்தது.

ஏரி கண்ணில் பட்டதும் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். வாய் பழகிய பழக்கம், நிறுத்த முடியவில்லை. "இந்த ஏரியோட ஆழத்த இதுவரைக்கும் யாரும் அளந்ததில்லை."

"நாப்பத்தோரு மீட்டர்" என்றார் பெரியவர் பின்னாலிருந்து, மிகவும் சங்கடத்தோடு. "நான்தான் அளந்தேன்."

சிரிக்காமல் இருக்க அவரும் முயன்றார் என்பதைச் சொல்ல வேண்டும். ஆனால் வேன் அதிர்ந்தது. மச்சினன் ஓரங்கட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வண்டியை எடுத்தான். நானும் சிரித்தேன். நல்ல வழிகாட்டி விருந்தினரோடு சேர்ந்து சிரிக்க வேண்டும். பயிற்சியில் சொல்லித்தருவார்கள்.

இப்போது அந்தக் கரையைப் பற்றி. மேல் ஏரியின் கிழக்குக் கரை பார்ப்பதற்குப் புல்தரை. ஆனால் தண்ணீர் அடியில் மண்ணைத் தின்றுவிட்டது. மேலே வேரும் புல்லும் ஒரு கூரை மாதிரி நிற்கும், கீழே வெற்றிடம். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் பத்தடி அகலத்துக்குக் கரை அப்படியே உள்ளே போனது. அதற்குப் பிறகு நானும் மச்சினனும் மூன்று பெரிய கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, பத்திரமான இடம் முடிகிற வரிசையில் போட்டோம். என் பேச்சிலும் ஒரு வரி சேர்ந்தது. "வெள்ளக் கல்லத் தாண்டாதீங்க. அங்க புல்லு இருக்கு, தரை இல்ல." என் பேச்சிலேயே முழுக்க உண்மையான வரி அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அன்று எட்டுப் பேரையும் கற்களுக்கு முன்னால் நிறுத்தினேன். காற்றைப் பற்றிச் சொன்னேன். ஏரியின் நிறம் மாறுவதைச் சொன்னேன். அடுத்து அந்த வரி வர வேண்டும். வரவில்லை. நான் சும்மா இருந்தேன். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கொண்டிருந்தேன், அதற்கு இவ்வளவு விசாரணை.

சற்றுத் தள்ளி வேனின் பின்கதவைத் திறந்து சாப்பாட்டுப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த மச்சினன் தலையை நிமிர்த்தினான். கீழ்ப்படி ஒன்று இல்லாமல் போனால் கால் எப்படித் தடுமாறும், அப்படி இருந்தது அவன் முகம். நான் உடனே, "சாப்பாடு அந்தப் பக்கம்" என்று கைகாட்டினேன். ஏழு பேரும் அவன் பக்கம் நடந்தார்கள். ஏழு பேரின் பாதுகாப்பில் நான் குறை வைக்கவில்லை. அதை எழுதுங்கள். பெரியவர் மட்டும் நின்றார். பிறகு கற்களைத் தாண்டி நடந்தார்.

பெரிய சத்தம் எதுவும் இல்லை. ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்தது போல் கரை கழன்றது. மச்சினன் கையிலிருந்த பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து குதித்தான். கயிறு வேனின் கடைசி இருக்கைக்கு அடியில் இருந்தது. நான் அதை எடுக்கப் போனேன். முதல் சில அடிகளை நடந்துதான் போனேன். நாம் ஓடினால் விருந்தினர் பதறுவார்கள், பதற்றம் தொற்றும். இதையும் பயிற்சியில் சொல்லித்தருவார்கள். கயிற்றோடு நான் திரும்பியபோது மூச்சு நின்றுபோன அவரை மச்சினன் கரையோரம் இழுத்து வந்திருந்தான். அந்தக் குளிர்ந்த தண்ணீரில் இளைஞனுக்கே நெஞ்சு அடைக்கும். அவருக்கு எழுபத்தொரு வயது.

அப்போது இங்கேதான், அடுத்த அறையில், வாக்குமூலம் கொடுத்தேன். எச்சரித்தேன் என்றேன். அவர் யாரிடமும் எதுவும் பேசாமல், எதுவும் கேட்காமல் தானாகப் போய்விட்டார் என்றேன். ஏழு பேரில் ஆறு பேர் நான் எச்சரித்ததைக் கேட்டதாகச் சொன்னார்கள். பொய் சொல்லவில்லை அவர்கள். பத்து நிமிடம் பேசுகிற ஒருவனுடைய பேச்சில் எது இருந்தது, எது இல்லை என்று யாருக்கு நினைவிருக்கும்? பதினைந்து வயதுப் பெண் மட்டும், ஞாபகம் இல்லை என்றாள். அழுதுகொண்டிருந்ததால் விட்டுவிட்டீர்கள்.

மச்சினன் இங்கே வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில், வேனில் நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது, சாலையைப் பார்த்தபடி சொன்னான். "மாமா, இன்னிக்கி ஒரு வரி விட்டுட்டீங்க."

"தொண்ட கட்டிக்கிச்சு மாப்ள" என்றேன்.

"கட்டினா நான் எடுத்துக் குடுப்பேன்ல மாமா. திரும்பிப் பாத்திருக்கலாமே."

அந்த மாதத்தோடு வேலையை விட்டான். இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். அக்கா வீட்டுக்கு வருவான். நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வருவான். என் மனைவி காரணம் கேட்டிருக்கிறாள். முதுகு வலியாம். அக்காவின் வாழ்க்கையை எண்ணித்தான் அவன் சும்மா இருந்தான் என்று நினைக்கிறேன். அவனை இதில் இழுக்காதீர்கள். அவன் கேட்டது ஒரு வரி இல்லாததை மட்டும்தான்.

நீல நோட்டு இருக்கைப் பையிலேயே கிடந்தது. மறுநாள் வேனைக் கூட்டும்போது எடுத்தேன். உங்களிடம் தந்திருக்க வேண்டும். ஆனால் புகார் என்று நினைத்தேன். வீட்டுக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தேன். முதல் பக்கத்தில், ‘வழிகாட்டித் தம்பிக்கு’ என்று இருந்தது. அதன் கீழே, ‘குரல் நன்று. கீழ்க்கண்டவற்றை மட்டும் சரிசெய்துகொண்டால் போதும்.’ பிறகு எண் போட்டு வரிசையாகத் திருத்தங்கள். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. பதின்மூன்றாவது, ஏரியின் ஆழம். பதினான்கு என்று எண் மட்டும் போட்டு, இடம் காலியாக இருந்தது. சேர வேண்டிய இடம் என்று அவர் சொன்னது என்னைத்தான்.

நான் நன்றி கெட்டவன் இல்லை. பதின்மூன்றையும் மனப்பாடம் செய்தேன். இப்போது கணவாய்க்கு உரிய உயரத்தைச் சொல்கிறேன். மரங்கள் வரிசையாக நிற்பதைக் கைநீட்டிக் காட்டுகிறேன். விருந்தினர் கருத்துப் புத்தகத்தில் ‘நிறையப் படித்தவர்’ என்று எழுதுகிறார்கள். போன வருடம் சிறந்த வழிகாட்டி என்று அலுவலகத்தில் கேடயம் கொடுத்தார்கள். மனைவி அதைத் தொலைக்காட்சிப் பெட்டி மேல் வைத்திருக்கிறாள். என் பேச்சைக் கேட்காதவள் கேடயத்தை வாரம் ஒரு முறை துடைக்கிறாள்.

பேச்சில் ஒரே ஒரு இடம் ஓட்டையாகிவிட்டது. ஆழம் நாற்பத்தொன்று என்று சொன்ன பிறகு ஏரியில் மர்மம் இல்லை. எதையாவது சொல்லித்தானே ஆக வேண்டும்? எனவே பெரியவரைச் சேர்த்துக்கொண்டேன். இந்த ஏரியை அளந்த மனிதர், நாற்பத்தெட்டு வருடம் கழித்து, தன் கையால் நட்ட அளவைக்கல்லைப் பார்க்கத் தனியாகத் திரும்பி வந்தார். ஏரி அவரை வைத்துக்கொண்டது. குரலைத் தாழ்த்தி, அந்த இடத்தில் மூன்று நொடி நிறுத்துவேன். கைக்குட்டைகள் வெளியே வரும். அக்கா மலை தங்கை மலைக்கு ஒருநாளும் கைக்குட்டை வந்ததில்லை. அதுவும் இது முழு உண்மை. அவர் கேட்டதும் அதைத்தானே, விஷயம் சரியாக இருக்க வேண்டும் என்று.

போன செவ்வாய்க்கிழமை அந்த மூன்று நொடியில் ஒரு பெண் பேசினாள். நான்காவது இருக்கை. காலையிலிருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தவள்.

"அப்பா கல்லப் பாக்கத்தான் வந்தாருன்னு உங்களுக்கு யாருங்க சொன்னா?"

விபத்து நடந்த நாள் காலை கிளம்புமுன், அந்தக் கல்லைப் பார்க்கத்தான் போகிறேன் என்று பெரியவர் தன் மகளிடம் மட்டும் போனில் சொல்லியிருக்கிறார். நான் இந்தக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்ட தாளில் அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை என்று இருக்கிறது. அந்தத் தாளை அவள் மடித்துக் கைப்பையில் வைத்திருந்தாள். இரண்டு வருடம் யோசித்துவிட்டு டிக்கெட் எடுத்திருக்கிறாள். பதின்மூன்று வருடமாக எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தவன் பழக்கத்தில் ஓட்டுநர் இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். எடுத்துக்கொடுக்க மச்சினனும் இல்லை.

அவ்வளவுதான். இப்போது நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் ஐயா. நான் பேசப் பேச ஒருவர் இவ்வளவு கவனமாகக் குறிப்பெடுப்பது இது இரண்டாவது முறை. ‘எச்சரிக்கை வாக்கியத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டேன், அவர் தானாகவே கற்களைத் தாண்டி நடந்தார்’ என்று போட்டிருக்கிறீர்கள். நான் சொன்னதும் அதுதான். இரண்டு வருடமாக எனக்கே நான் அப்படித்தான் சொல்லி வருகிறேன். ஆனால் விஷயம் சரியாக இல்லை. பதினான்கு என்று எண் போட்டு அந்த இடத்தில் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் தானாக நடக்கவில்லை. அளந்து பழகிய மனிதர். காலை வைக்கும் முன் யோசிப்பவர். ஏழு பேரும் போன பிறகு வெள்ளைக் கற்களைப் பார்த்து நின்றார். பிறகு என்னிடம் திரும்பி, "தம்பி, இங்க நான் ஒரு அளவைக்கல் நட்டேன். என் மொத வேலை அது. இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் கரை இடிந்தபோது அந்தக் கல்லும் உள்ளே போய்விட்டது. போனதை நானே பார்த்தேன்.

"இருக்கு சார்" என்றேன். "இந்த வெள்ளக் கல்லுங்க சும்மா, வண்டி ஏறக் கூடாதுன்னு போட்டது. அப்படியே நேரா போங்க. புல்லு முடியற எடத்துல நிக்குது."

தொண்டை கட்டவில்லை. குரல் நன்றாகத்தான் இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். மணிக்கட்டைப் பார்க்கவில்லை. "ரொம்ப நன்றி தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். காலையிலிருந்து நான் சொன்ன ஒன்றைக்கூட நம்பாதவர், அதை மட்டும் நம்பினார்.